தலைச்சன் பிள்ளை பிறந்த வீடு

கண்ணு,

இந்த நோட்டில் இதுவரை யாரும் நாலு வரிக்கு மேல் எழுதியதில்லை. "தலைவர் பிறந்த புனித மண்ணை மிதிக்கும் பாக்கியம் பெற்றேன்" என்று ஒருவர். "மெய் சிலிர்த்தது" என்று ஒருவர். "கழிப்பறை சுத்தமாக உள்ளது" என்று இன்னொருவர். நினைவில்லத்தின் வருகைப் பதிவேடு இது. நீதான் வாங்கி வைத்தாய். தோல் அட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் எண் அடித்து, கமிட்டி முத்திரையும் குத்தி வைத்தாய். பெரிய மனிதர்கள் எழுதிய தாளை யாரும் கிழித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்றுதான் இந்த ஏற்பாடு என்று சொன்னாய். நல்ல ஏற்பாடு. அதனால்தான் வீட்டில் கிடக்கிற வெள்ளைத் தாளை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கிழித்தால் எண் காட்டிக் கொடுத்துவிடும்.

காவலுக்கு இருக்கும் மயிலாத்தாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். "ஏனுங்கம்மா, ஒரு கையெழுத்துப் போடறதுக்கா சேர் கேக்கறீங்க?" என்றாள். "நெறையா எழுதோணும் மயிலா, நீ போயி உன்ற வேலையப் பாரு" என்றேன். அவள் போகவில்லை, எதிரே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உட்காரட்டும். இதில் எழுதுவதை இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வீட்டுக்குள் உன்னைக் கூப்பிட்டு வைத்துப் பேசினால் போதாதா என்று நீ கேட்பாய். ஊர் முன்னால் சொன்ன பொய் ஒன்று இருக்கிறது, அதை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு திருத்த முடியாது. தவிர, ஒரு வாரமாக உன்னோடு பேசத்தான் பார்க்கிறேன், நீ போனை விட்டுத் தலையை எடுத்தால்தானே.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மருமகள் கௌசல்யாவுக்கு ஒன்பதாம் மாதம். அவளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக சேவூரிலிருந்து அவள் அம்மாவும் அப்பாவும் சொந்தக்காரர்களும் கட்டுச்சோறு கட்டி எடுத்துக்கொண்டு வேனில் வந்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு என்று ஐந்து தூக்குப்போசி. அந்த அம்மாள் வீட்டிலேயே உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறவர். விடிவதற்கு முன்னால் எழுந்து அத்தனை பேருக்கும் ஆக்கியிருக்கிறார். கைவிரலில் கத்தரிக்கோல் காய்ப்போடு அந்தப் போசிகளை நம் ஹாலில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு மூடியின் மேலும் ஒரு பூவை வைத்தார். நம் பக்கத்து மனிதர்கள் அந்தச் சோற்றைச் சாப்பிட வேண்டும், பிறகு பெண்ணை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் சடங்கு. இதற்கு ஐயரும் வேண்டாம், மைக்செட்டும் வேண்டாம்.

"மாப்ள, நேரம் நல்லாருக்குதுங்க. வெயிலுக்கு முன்னால புள்ளையக் கூட்டீட்டுக் கெளம்பீர்றமுங்க" என்றார் அந்த அம்மாள்.

நீ சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. "அத்தை, டெலிவரிக்குக் கோயமுத்தூர்ல புக் பண்ணியாச்சுங்க. உங்கூட்டுல ஏசி கூட இல்லீங்களே, கொழந்தைக்கு இன்ஃபெக்ஷன் ஆயிராதுங்களா?" என்றாய்.

"ஆஸ்பத்திரி எங்க வேணுமின்னாலும் பாத்துக்கலாமுங்க மாப்ள. தலைச்சன் புள்ளைங்க. எங்கூட்டுக்கு வந்து பெத்துக்கிட்டுப் போறதுதானுங்க மொறை. செவுத்துக்கெல்லாம் வெள்ளையடிச்சு, கட்டலு மெத்தை எல்லாம் வாங்கிப் போட்டிருக்கறமுங்க."

அதற்கு நீ சொன்னதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "தலைவர் பொறந்த குடும்பமுங்க நாங்க. எங்க வாரிசு சேவூர்ல பொறந்துதுன்னு சர்ட்டிபிகேட்ல வந்தா நல்லாவாங்க இருக்கும்? பொறந்த நாள் விழாவுக்கு மந்திரி வர்றாரு. அன்னிக்கு நினைவில்லத்துல, தலைவர் தொட்டில் கட்டுன வளையத்துலயே எங்க கொழந்தைக்கும் தொட்டில் கட்டிப் பேர் வெக்கறோம். எல்லா டிவிலயும் வரும். நீங்களும் வந்து முன்னாடி உக்காருங்க." பிறகு போசிகளைப் பார்த்துவிட்டு, "சோத்தை அப்படியே கம்பெனிக்கு அனுப்பீர்லாமுங்க, லேபர் சாப்புடுவாங்க" என்றாய்.

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார். கௌசி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வயிற்றுப் பாரத்தில் கால் வீங்கி. அவள் அப்பா மட்டும், "செரீங்க மாப்ள, நீங்க சொன்னாச் செரி" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு வேன் வெறுமனே திரும்பிப் போயிற்று. பெற்ற மகனைப் பார்த்து ஒரு தாய்க்கு அருவருப்பு வருமா என்று யாராவது கேட்டால், வரும் என்று நான் சொல்லுவேன். அதைவிட அருவருப்பு என்மேல். நீ பேசி முடிக்கும்வரை நான் பக்கத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அப்படி நின்றது எனக்கு முதல் தடவை இல்லை.

இந்த வீட்டைப் பற்றிச் சொல்லுகிறேன். நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எல்லாம் தெரிகிறது. தலைவர் பனியன் மேல் துண்டோடு திரிந்தவர், நீங்கள் வைத்திருக்கும் சிலைக்கோ கோட்டுப் போட்ட ஆளின் தோள். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் மூக்குக்கண்ணாடி அவருடையது இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மயிலாத்தாளுக்கும் தெரியும். வாடிய மாலையை எடுத்துப் போட ஆள் இல்லாமல் ஈ மொய்க்கிறது. அடிக்கிற பெயின்ட் வருஷத்துக்கு ஒரு கலர். வாசல் கல்வெட்டில் அவர் இன்னாரின் மகன் என்று அப்பா பெயர், தாத்தா பெயர், குலக் கூட்டத்தின் பெயர் எல்லாம் பொறித்திருக்கிறீர்கள். பெற்றவள் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்று காலையில் மறுபடி தேடினேன். காணோம். அந்த மனிதர் தரையைப் பிளந்துகொண்டு தானாக வந்தார் போலிருக்கிறது.

அதைவிட மோசம் உள்ளறை வாசலில் நீ மாட்டியிருக்கும் பலகை. "தூரமான பெண்கள் பிறப்பறைக்குள் நுழைய வேண்டாம்." இதை நீ படித்துப் பார்த்துத்தான் மாட்டினாயா? ஒரு பெண் ரத்தமும் நீருமாகக் கிடந்து பிள்ளை பெற்ற இடம் என்று சொல்லி அந்த அறைக்குக் கற்பூரம் காட்டுகிறீர்கள். அதே அறைக்குப் பெண்ணின் மாதவிலக்கு ரத்தம் ஆகாது என்கிறீர்கள். போன மாதம் திருப்பூரிலிருந்து டூர் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒருத்தி அந்தப் பலகையைப் படித்துவிட்டு வெளியிலேயே நின்றுவிட்டாளாம். "பாவமுங்கம்மா, வெயில்லயே நின்னுச்சுங்க" என்று மயிலாத்தாள் சொன்னபோது எனக்கு அந்தப் பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைக்கத் தோன்றியது. பிடுங்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போன வருஷம் தலைவர் பிறந்த நாள் சமயத்தில் உன் கம்பெனிக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? தலைவர் முகம் போட்ட டீ-ஷர்ட் பிரிண்டிங் ஓடிக்கொண்டிருந்தது. கலர் சரியாக விழாமல், ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயுமாகப் போன துண்டுகளை வேஸ்ட் மூட்டையில் போட்டிருந்தார்கள். ஒரு வடநாட்டுப் பெண் அதில் ஒன்றை எடுத்து மிஷின் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கண்டு பயந்துபோய், "ஏ கோன் ஹே, அம்மா?" என்று அந்த முகத்தைக் காட்டிக் கேட்டாள். யார் இது என்று கேட்கிறாள் என்பது புரிந்தது. "எங்க மாமா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, சிரித்துவிட்டு மறுபடி துடைத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு அது துணி.

ஆமாம், எனக்கு அவர் மாமா முறைதான். உங்கப்பா வழியில் அவர் உனக்குத் தாத்தா முறை என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறாய். என் வழியிலும் ஒரு உறவு இருக்கிறதே, அதை ஒரு நாளாவது சொன்னாயா? தலைவரின் அம்மா என் அப்பாவுக்குச் சொந்த அத்தை. கொமரலிங்கத்தில் நான் பிறந்து வளர்ந்த வீடுதான் அந்த அத்தை பிறந்து வளர்ந்த வீடு. அங்கிருந்து இந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து, அதே வீட்டிலிருந்து அதே பங்காளிக் குடும்பத்துக்கு என்னையும் கட்டிக்கொடுத்தார்கள். சரி, இப்போது நீயே யோசித்துப் பார். தலைவர் அந்த அத்தைக்குத் தலைச்சன் பிள்ளை. தலைச்சன் பிள்ளை எங்கே பிறக்கும்? நம் பக்கத்தில் எந்தக் குடும்பத்தில் வேண்டுமானாலும் போய்க் கேள். கட்டுச்சோறு கட்டிக் கூட்டிப்போய், அம்மா வீட்டில் வைத்துத்தான் பிரசவம். அந்தக் காலத்தில் அதற்கு மாறாக யாரும் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள். தலைவர் பிறந்தது கொமரலிங்கத்தில், என் அண்ணன், உன் மாமா, இன்றைக்கும் குடியிருக்கும் அந்த ஓட்டு வீட்டின் பின்னறையில். இந்த வீட்டில் அவர் வளர்ந்தார், அது உண்மை. பிறக்கவில்லை.

வாய்வழிக் கதை என்று தள்ளிவிடாதே. எனக்கு எட்டு வயது இருக்கும்போது தலைவரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். உடுமலைப்பேட்டைக் கூட்டத்துக்குப் போகிற வழியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மாலையோடு ஓடிவந்த ஆட்களை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நேரே பின்னறைக்குப் போனார். உத்தரத்தில் அடித்திருந்த தொட்டில் வளையத்தை எட்டிப் பிடித்தார். "மச்சான், இது இன்னும் இருக்குதா!" என்று என் அப்பாவிடம் கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "எங்கம்மா இந்த மூலைல தான் படுத்திருந்தாளாம். ரெண்டு நாள் வலியாம்" என்றார். அந்தப் பெரிய மனிதர் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கதவிடுக்கிலிருந்து பார்த்தேன். பிறகு இரண்டு வாய் கொள்ளுப்பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்லுகிறேன். நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். தலைவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்து, ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். இந்த வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உங்கப்பாவும் பங்காளிகள் நாலு பேரும் சுற்றி நின்றார்கள். பிறந்த வீடு என்று ஆகிவிட்டால் தார் ரோடு வரும், பஸ் வரும், உங்கப்பா போட நினைத்த பனியன் கம்பெனிக்கு லாரி வந்துபோக வழி கிடைக்கும். வளர்ந்த வீடு என்றால் ஒன்றும் வராது. அவர்கள் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார். "ஏனுங்க, தலைச்சன் புள்ளைங்கறீங்க. அப்ப அவுங்கம்மா ஊட்டுல தானுங்களே பொறந்திருப்பாரு? எங்கூர்ப் பக்கமெல்லாம் அப்படித்தானுங்க" என்றார். அவரும் நம் பக்கத்துப் பிள்ளைதான். தாயிடம் வளர்ந்தவர்.

உங்கப்பாதான் சமாளித்தார். "எங்க குடும்பம் அப்பவே வேற மாதிரிங்க" என்று சிரித்தார். அந்த நேரம் பார்த்து நான் மோர் கொண்டு வந்தேன். அதிகாரி டம்ளரை வாங்கிக்கொண்டு, "நீங்க சொல்லுங்கம்மா. இதெல்லாம் பொம்பளைங்களுக்குத்தான் தெரியும்" என்று கேட்டார். உங்கப்பா என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை, அடிக்கவில்லை, சும்மா பார்த்தார். நான் சொன்னேன்: "எனக்கென்னங்க தெரியும், நான் கட்டிக்கிட்டு வந்தவ."

அவ்வளவுதான் கண்ணு. எந்த ஊரிலிருந்து, எந்த வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. அவர் எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் உங்கப்பா என்னிடம், "பொழைக்கத் தெரிஞ்சவ நீ" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் இன்று என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த ரோட்டில்தான் உன் பள்ளிக்கூட பஸ் வந்தது. அந்த ரோட்டில்தான் நம் கம்பெனி வளர்ந்தது. நான் சாப்பிடாத சோறு ஒன்றும் அதில் இல்லை. உங்கப்பா மட்டும் தப்பு செய்தார் என்று அவர் போன பிறகு இப்போது எழுதினால் அது இன்னொரு பொய்.

அதோடு நான் நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நினைவில்லத்தில் வைக்கப் பழைய சாமான் ஒன்றுகூட இல்லை என்று பங்காளிகள் கையைப் பிசைந்தார்கள். உங்கப்பாவுக்கு அந்த வளையம் நினைவு வந்தது. என்னைத்தான் அனுப்பினார். நான் கொமரலிங்கம் போய், "அண்ணா, அந்தத் தொட்டில் வளையம் வேணும், மியூசியத்துல வெக்கறாங்களாம்" என்று கேட்டேன். உன் மாமா ஒரு கேள்வி கேட்கவில்லை. முக்காலி போட்டு ஏறினார். வளையம் வரவில்லை, மரத்தோடு மரமாக இறுகியிருந்தது. உளி வைத்துச் சுற்றிலும் கொத்தி எடுத்தார். தூசியைத் துடைத்து, புதுத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போதுதான் கேட்டார். "நம்மூட்டுப் பேரு போடுவாங்களா அம்முணி?"

"போடுவாங்கண்ணா" என்றேன்.

அந்த வளையம் இதோ எனக்கு எதிரே உள்ளறை உத்தரத்தில் தொங்குகிறது, ஸ்க்ரூ போட்டு, மேலே ஒரு விளக்கும் வைத்து. கீழே பித்தளைத் தகட்டில் எழுதியிருக்கிறது: "தலைவர் இவ்வில்லத்தில் துயின்ற தொட்டிலின் வளையம். உபயம்: பங்காளிகள்." உபயமாம். எந்தப் பங்காளி ஏறி எந்த உத்தரத்தைக் கொத்தினான்? அந்தத் தகட்டை வருஷா வருஷம் புளி போட்டுத் துலக்கச் சொல்லுகிறாய். மயிலாத்தாளும் துலக்குகிறாள்.

உன் மாமா ஒரே ஒரு தடவை இங்கே வந்தார், இரண்டு வருஷத்துக்கு முன்னால், விழா அன்று. நீ முன் வாசலில் பெரிய மனிதர்களுக்குச் சால்வை போட்டுக்கொண்டிருந்தாய். அவர் உன்னிடம் வந்து, "என்ன மாப்ள, நல்லாருக்கறயா?" என்று கேட்டார். "மாமா, விஐபி வர்ற நேரம். அந்த லைன்ல நின்னு பாத்துட்டு வாங்க" என்றாய். அவர் போய் லைனில் நின்றார். முக்கால் மணி நேரம். தன் வீட்டு வளையத்தின் கீழே வந்ததும் அண்ணாந்து பார்த்தார், தகட்டைப் படித்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "துருப் புடிக்காம நல்லா எண்ணெய் போட்டு வெச்சிருக்காங்க அம்முணி" என்றார். சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அன்றைக்கு அவர் பஸ் ஏறின பிறகு நீ மேடையில் பேசினாய். "தலைவர் பிறந்த அதே வீட்டில், அதே அறையில் பிறந்தவன் நான்" என்றாய். கைத்தட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. நீ எங்கே பிறந்தாய் என்று உனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது உங்கப்பா பிறந்த இடத்தை மாற்றிக் கொடுத்தார், அதையே நீயும் பிடித்துக்கொண்டாய். ஆனால் சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் உன் மாமா அந்தப் பின்னறையைக் காட்டி, "இங்கதான்டா மாப்ள நீ பொறந்தே" என்று சொல்லுவாரே, மறந்தா போயிருப்பாய்? மறக்கவில்லை, கூச்சம். அந்த அறையில் இப்போது வெங்காய மூட்டை கிடக்கிறது, ஓடு சரிந்து வெளிச்சம் விழுகிறது. மந்திரி முன்னால் சொல்லிக்கொள்கிற இடம் இல்லை.

ஆகவே நீ பொய் சொல்லுகிறோம் என்று தெரிந்தே மேடையில் பொய் சொன்னாய். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சீ என்று ஆனது. வீட்டுக்கு வந்து சேலையை மாற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. நீ சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் உண்மை. நீ என் வயிற்றில் இருந்தபோது எனக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொமரலிங்கம் கூட்டிப்போனார்கள். உடுமலைப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. வலி எடுத்த அன்று பேய் மழை, அமராவதியில் வெள்ளம், கார் வரவில்லை. உன் மாமா நனைந்துகொண்டே மடத்துக்குளம் வரை சைக்கிளில் போய், நர்ஸம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். அந்தப் பின்னறையில், தலைவரின் அம்மா படுத்துக் கிடந்த அதே மூலையில்தான் நான் உன்னைப் பெற்றேன். அதே வளையத்தில் என் பழைய சேலையில் தொட்டில் கட்டி மூன்று மாதம் உன்னைத் தூங்க வைத்தேன். பெருமை அடித்துக்கொள்ள உனக்கு உண்மையிலேயே ஒரு விஷயம் இருந்தது கண்ணு. அதை விட்டுவிட்டு, அதையே பொய்யாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். அதைச் சொல்லாமல் உன்னை இப்படி வளர்த்தவள் நான்.

கௌசி இந்த ஒரு வாரமாக என்னை வந்து வந்து கேட்கிறாள். "அத்தை, எனக்கு அங்க போகோணுமுங்க. அவருகிட்ட நீங்க சொல்றீங்களா?" நான் சொல்றேன் சாமி, சொல்றேன் சாமி என்றே காலத்தை ஓட்டினேன். நேற்று அவள் கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு அதிகாரி கேட்டும் வாயைத் திறக்காதவளிடம் போய்க் கேட்டு என்ன பிரயோஜனம் என்று அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

அதனால் இன்று காலையில் நீ கம்பெனிக்குக் கிளம்பியதும் டாக்சிக்குப் போன் செய்தேன். கௌசியைச் சேவூருக்குக் கூட்டிப்போகிறேன், கார் வாசலில் நிற்கிறது. அவினாசியில் நல்ல டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் பேசியாகிவிட்டது, கோயமுத்தூர் ஃபைலும் பையில் இருக்கிறது. ஐந்து போசிகளையும் நானே கழுவித் துடைத்து, வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நாட்டுச் சர்க்கரை நிரப்பி வைத்திருக்கிறேன். நீ கம்பெனிக்கு அனுப்பும் முன்னால் அந்தப் புளிச்சோற்றில் ஒரு பிடி எடுத்து நான் அடுக்களையில் நின்று சாப்பிட்டேன். நல்லெண்ணெய் மணக்க, அருமையான சோறு. அதை அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும்.

உனக்கு என்ன சொல்வது? பிள்ளையைப் பார்க்க ஆசை இருந்தால் சேவூருக்கு வா. ஏசி இல்லாத அந்த வீட்டில் போய் உட்கார், அந்த அம்மாள் போடுகிற சோற்றைச் சாப்பிடு, அன்று பேசியதற்கு அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேள். போனில் கேட்காதே. அதற்கு முன்னாலோ பின்னாலோ, இந்த வளையத்தைக் கழற்றிப் புதுத் துண்டில் சுற்றி, கொமரலிங்கத்துக்கு எடுத்துப்போய் உன் மாமா கையில் கொடு. ஆள் விடாதே, நீயே போ. உத்தரத்தில் அவர் கொத்திய குழி அப்படியே இருக்கிறது, சிமென்ட் வைத்துக்கூட அவர் அடைக்கவில்லை. மந்திரி வந்தால் வரட்டும். அவர் வந்து இறங்கியதும் முதலில் இந்த நோட்டைத்தான் நீ நீட்டுவாய். அவர் எழுதப் பக்கம் திருப்பும்போது இதெல்லாம் கண்ணில் படும். கிழிப்பதானால் ஒன்பது பக்கம் கிழிக்க வேண்டும். மயிலாத்தாள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது, பிறப்பறைப் பலகையை முதலில் எனக்குப் படித்துக் காட்டியவளே அவள்தான்.

"இன்னும் முடியலீங்களாம்மா? கார்ல அக்காவுக்கு வேர்க்குதுங்க" என்கிறாள். முடித்துவிட்டேன்.

கடைசியில் பெயர், ஊர் என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறாய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, யார் எங்கே கேட்டாலும் நான் இந்த ஊரைத்தான் எழுதியிருக்கிறேன். கட்டிக்கொண்டு வந்தவள், வேறு எதை எழுதுவது என்று.

பெயர்: உன் அம்மா.

ஊர்: கொமரலிங்கம். தலைவர் பிறந்ததும் நீ பிறந்ததும் அங்கேதான்.